வரிசையில் நின்ற நேரம்

போன வருடம் வாசற்படியில் கால் இடறிக் கணுக்கால் வீங்கிவிட்டது. இரண்டு கிழமைக்கு விளையாட்டுப் பாடத்தை ஒரு பயிற்சி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கல்வியியற் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வந்த பிள்ளை. கெட்டிக்காரி. நான் எப்படி நடத்துவேனோ அச்சொட்டாக அப்படியே நடத்தினாள். அன்றைக்கு நீளம் பாய்தல். இருபத்தேழு பிள்ளைகள், ஒரு மணல் குழி, ஒரு வரிசை.

சும்மா இருக்க எனக்கு வராது. வரிசையின் நடுவில் நின்ற ஒரு பெண்பிள்ளையைக் குறித்துக்கொண்டு, அவள் அசைகிற நேரத்தை மட்டும் கைக்கடிகாரத்தில் எண்ணத் தொடங்கினேன். முதலில் உடலைச் சூடாக்க ஆறு நிமிடம் எல்லோரும் மைதானத்தைச் சுற்றினார்கள். அது சரி. அப்புறம் வரிசை. அவளுடைய முறை வந்தது; ஓடிவந்து பாய ஐந்து செக்கன். எழும்பி, மணலைத் தட்டிக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போனாள். மறுபடி முறை வர பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலே. இன்னொரு ஐந்து செக்கன். மணி அடித்துவிட்டது. நாற்பது நிமிடப் பாடத்தில் அந்தப் பிள்ளை பாய்ந்து விளையாடியது பத்துச் செக்கன். மிச்ச நேரத்தில் முன்னால் நின்றவளின் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிட்டாள். ஒரு சிப்பி ஓட்டைப் பொறுக்கி அதால் மணலில் பூ கீறினாள். பின்னால் நின்றவனோடு ஒரு சண்டையும் பிடித்து முடித்தாள்.

நான் பதினாறு வருடமாக இப்படித்தான் நடத்திவந்திருக்கிறேன்.

எங்கள் பாடசாலை படுவான்கரையில் இருக்கிறது. மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: வாவிக்குக் கிழக்கே, கடலோடு ஒட்டி, சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே, வயலும் காடுமாக, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. பட்டணமும் பெரிய கல்லூரிகளும் அந்தக் கரையில். நாங்கள் இந்தக் கரை. என்னோடு படிப்பிக்கிற சிலர் இன்னும் குருமண்வெளியில் பாதை ஏறித்தான் மண்டூர்ப் பக்கம் வருகிறார்கள். பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. அது பிந்தினால் முதல் பாடமும் பிந்தும்.

ஆரம்ப வகுப்பில் விளையாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. சுகாதாரமும் உடற்கல்வியும் தனிப் பாடமாக வருவது தரம் 6இல் இருந்துதான். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் வகுப்பாசிரியரே தமிழ், கணிதம், சுற்றாடல், எல்லாம். அதனால்தான் ஓட்டத்தில் ஒரு நாளும் வெல்லாத என் போன்றவளின் கழுத்திலும் விசில் தொங்குகிறது. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் ஒரு விசயம் எனக்குப் பிடிக்கும். தரம் 1, 2 பிள்ளைகள் விளையாட்டின் வழியாகவே பெரும்பாலும் படிக்க வேண்டும். 3, 4இல் விளையாட்டு, செயல், இருந்து எழுதுகிற வேலை மூன்றும் சமனாக. தரம் 5இல் எழுத்து வேலை கூடுதலாக. தாளில் பார்க்க அழகான ஏணி. நடைமுறையில், தரம் 4இன் கடைசித் தவணையிலேயே, தரம் 5இல் எழுதுகிற புலமைப்பரிசில் பரீட்சை வந்து வகுப்பறை வாசலில் குந்திக்கொள்கிறது. அது வந்தால் முதலில் வெளியே போவது விளையாட்டுப் பாடம்தான். 'மாதிரி வினாத்தாள் ஒண்டு செய்விப்பம், பந்தடி நாளைக்கும் அடிக்கலாம்' என்று நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

நான் படித்த காலத்தில் விளையாட்டு என்றால் வருடத்தில் ஒரு நாள். பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து வைக்கிற இல்ல விளையாட்டுப் போட்டி. மாரி மழை ஓய்ந்து, மைதானத்தில் தேங்கின தண்ணீர் வற்றி, தை கடைசியில் அல்லது மாசியில் வரும். வள்ளுவர், பாரதி, விபுலானந்தர் என்று மூன்று இல்லம். சிவப்பு, பச்சை, நீலம். விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டி எழுப்பியவர் என்பதால் இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் அவருக்கு ஒரு இல்லம் இருந்தே தீரும். நான் நீலம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கிற போட்டிகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேசிக்காய் கரண்டி ஓட்டம், சாக்கோட்டம், தவளைப் பாய்ச்சல், பணிஸ் உண்ணல். தேசிக்காய் ஓட்டத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது: உருண்டைக் காயை எடுக்கக் கூடாது. ஒரு பக்கம் சப்பையாக இருக்கிற காயாகப் பார்த்துப் பொறுக்கினால் கரண்டியில் ஆடாமல் இருக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்த மச்சாள் மூன்று வருடம் தொடர்ந்து முதலாமிடம். நான் சப்பைக் காய் எடுத்தும் கடைசி. சாக்கோட்டத்துக்கு அந்தக் காலத்தில் நெல்லுச் சணல் சாக்கு, இப்போது உரப்பை. உரப்பை வழுக்கும், பிள்ளை விழும், சனம் சிரிக்கும். சிரிப்பதற்காகவே அந்தப் போட்டியைப் பின்னேரத்துக்குப் போடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஓட்டத்தில் கடைசியாக வருகிற பிள்ளைக்கு எங்கள் ரீச்சர் ஒரு வேலை வைத்திருந்தார். முடிவுக் கோட்டில் நாடா பிடிக்கிறது. மூன்றாம் வகுப்பில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரை நான்தான் நாடாவின் ஒரு நுனி. மறு நுனி, காலில் குறையுள்ள ஒரு பெடியன். வென்ற பிள்ளையின் நெஞ்சு நாடாவில் படுகிறபோது கையில் ஒரு இழுப்பு வரும் பாருங்கள், அந்த இழுப்பு மட்டும்தான் எனக்குக் கிடைத்த பரிசு. அதைக் கவலையாக நான் நினைத்ததில்லை. சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. எல்லோரும் எங்களை நோக்கித்தானே ஓடி வருகிறார்கள். ஆனால் அந்த மூன்று வருடமும் விளையாட்டுப் போட்டி அன்று நான் ஓடவில்லை என்பது, சுளுக்கின காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்த நாளில்தான் உறைத்தது.

இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றிக் குறை சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். நானும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் நாள் இரவு முழுக்க கிடுகும் குருத்தோலையும் மூங்கிலுமாக இல்லங்களைச் சோடிக்கிறது, பெரிய வகுப்புப் பெடியன்கள் போட்டிபோட்டு ஒளித்து ஒளித்து வாசல் கட்டுகிறது, அம்மாமார் விடிய விடிய இடியப்பம் அவித்துக் கொண்டுவருகிறது, இதெல்லாம் ஊரே ஒரு வீடாகிற நேரம். மைதானம் கீறுகிறது தனிக்கலை. எங்கள் மைதானத்தில் 200 மீற்றர்ச் சுற்றுத்தான் அடங்கும். 50 மீற்றர் நேர்க்கோடு இரண்டு, 15.9 மீற்றர் ஆரத்தில் அரைவட்டம் இரண்டு. மூலை சதுரமாக வர, ஊர் மேசன் கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து அடிக்கு முடிச்சுப் போட்டு முக்கோணம் பிடிப்பார். அந்தக் கயிற்றை வைத்தே தரம் 5 பிள்ளைகளுக்கு நான் ஒரு கணிதப் பாடம் எடுத்திருக்கிறேன். சுண்ணாம்புக் கோடு போட்ட இரவே மாடு நடந்து அழித்துவிட்டுப் போகும், அது வேறு கதை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பல வருடத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு பாடசாலையில், பிரதம விருந்தினர் பிந்தினதால் அணிநடைக்கு நின்ற சின்னப் பிள்ளைகளை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தோம். வைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் அங்கேதான் நின்றேன். தரம் 2 பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. காலையில் வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்த பிள்ளை. தூக்கிக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து எழுப்பினபோது அது கேட்டது: "ரீச்சர், அணிநடை முடிஞ்சுதா?" விருந்தினர் வந்தார், புறா பறந்தது, ஒலிம்பிக் தீபம் ஏற்றினார்கள். அந்தப் பிள்ளை அன்று ஒரு போட்டியிலும் ஓடவில்லை.

சரி, வரிசைக்கு வருவோம்.

தரம் 3, 4, 5 பிள்ளைகளுக்கு இப்போது சிறுவர் மெய்வல்லுநர் என்று, ஓட்டம், பாய்தல், எறிதல் எல்லாம் சேர்ந்த ஒன்று நடத்துகிறோம். எங்கள் வலயத்து ஆசிரிய ஆலோசகர் ஒருவர் முதலில் அதைக் காட்டித் தந்தபோது, இன்னொரு போட்டி, இன்னொரு அறிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இது எங்கள் நாட்டில் பிறந்ததில்லை. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் 2001இல் ஒரு குழுவை வைத்துச் சிறுபிள்ளைகளுக்கென்றே புதிதாக வகுத்த முறை. பெரியவர்களின் 100 மீற்றரையும் குண்டு போடுதலையும் சின்னதாக்கிப் பிள்ளைகளிடம் கொடுக்காதே என்பதுதான் அதன் அடிப்படை. ஒரே நேரத்தில் நிறையப் பிள்ளைகள் அசைய வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்த அணி. தனிப்பிள்ளைக்கு முதலாமிடம் இல்லை, அணிக்குத்தான் புள்ளி. கெட்டிக்காரப் பிள்ளை மட்டுமல்ல, பிந்தி வருகிற பிள்ளையும் புள்ளி கொண்டுவரும்.

கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த முறையின் கைநூலைத் திரும்ப எடுத்து வாசித்தேன். முன்னே போட்டிக்கு முதல் கிழமை மட்டும் பழக்கிவிட்டுவிடுவேன். இந்த முறையில் வருடம் முழுக்கப் பாடமே நடத்தலாம் என்று அப்போதுதான் பட்டது. குந்தியிருந்து இரண்டு காலாலும் முன்னுக்குப் பாய்கிற ஒரு நிகழ்ச்சி உண்டு. முதல் பிள்ளை பாய்ந்து விழுந்த இடத்திலிருந்து அடுத்த பிள்ளை பாயும், அதிலிருந்து மூன்றாவது. கடைசியில் அணி முழுக்கச் சேர்ந்து எத்தனை மீற்றர் போயிற்று என்று அளப்பது. அதில் கட்டைக் காலனும் தன் பங்கைச் சேர்க்கிறான். முழங்காலில் நின்று கனமான பந்தை இரண்டு கையாலும் எறிகிறது, கயிறடிக்கிறது, ஏணி மாதிரிக் கீறின கட்டங்களுக்குள் ஓடுகிறது, தடை தாண்டுகிறது. போர்முலா வன் என்று காரோட்டப் பெயரில் ஒன்று இருக்கிறது: குட்டிக்கரணத்தில் தொடங்கி, நேராக ஓடி, தடை தாண்டி, கம்புகளுக்கிடையில் வளைந்து வளைந்து வந்து அடுத்தவன் கையில் வளையத்தைக் கொடுக்க வேண்டும். பெயரைக் கேட்டதும் பெடியன்களுக்கு வாயெல்லாம் பல்.

சாமான் வேண்டுமே. பாடசாலை அலுமாரியில் இருந்த புது வளையங்கள் பொலித்தீன் கழற்றாமலே இருந்தன. யாராவது பெரியவர் பார்க்க வந்தால்தான் அது வெளியே வரும். அதைத் திறக்கப் போராடுவதை விட நாமே செய்வது சுகம். சைக்கிள் கடையில் பழைய ரயர் பதினைந்து வாங்கினேன். காசு வாங்கவில்லை, வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். தென்னை மட்டையை இரண்டு கல்லின் மேல் வைத்தால் தடை. இடறினால் உருண்டு விழும், காலைக் காயப்படுத்தாது. தண்ணீர்ப் போத்தலில் மணல் நிரப்பினால் கம்பு. பழைய காற்பந்தின் தோலைக் கிழித்துத் துணியும் மணலும் அடைத்துத் தைத்தால் எறிபந்து. என் வீட்டுக்காரர்தான் தைத்தார், சப்பாத்துத் தைக்கிற ஊசியால், முணுமுணுத்துக்கொண்டு.

பிள்ளைகளை ஆறு குழுவாக்கி ஆறு இடத்தில் விட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் விசில், இடம் மாற்றம். முதல் நாள் முழுக் குழப்பம். சந்தை கெட்டது. இரண்டாம் கிழமை அவர்களாகவே மாறினார்கள். மறுபடி ஒரு பிள்ளையைப் பிடித்துக் கடிகாரத்தில் எண்ணினேன். இருபத்திரண்டு நிமிடம்.

பாட நேரத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்டேன். விளையாட்டைக் கடைசிப் பாடமாகப் போடுவது எல்லா இடத்திலும் வழக்கம், பிள்ளை களைத்து வீட்டுக்குப் போகட்டும் என்று. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பகல் ஒரு மணிக்கு எங்கள் மைதான மணலில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் வெறுங்காலிலேதான் ஓடும். சப்பாத்து ஒரு சோடி வாங்குவது வயல் கூலி வீட்டுக்குச் சின்னக் காசில்லை; வாங்கினாலும் அது பாடசாலைக்குப் போட்டுவருவதற்கு, ஓடிக் கிழிப்பதற்கில்லை. அதிபர் யோசித்துவிட்டு முதல் பாடத்துக்கு மாற்றினார். காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே வந்தது. அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. ஒரு பேணியில் பிஸ்கற் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாமாரிடமிருந்து இரண்டு முறைப்பாடு. ஒன்று, "ரீச்சர், புள்ள கறுத்துப் பெய்த்தாள்." இதற்கு நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன், நானே கறுப்பு. பெண்பிள்ளைகளின் சட்டைக்குக் கீழே நீளக் காற்சட்டை போட்டுவிடச் சொன்னதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கல்முனைப் பக்கத்தில் படிப்பிக்கிற முஸ்லிம் சிநேகிதி ஒருத்தி சொன்ன யோசனை அது. அவளுடைய பிள்ளைகள் முக்காட்டை ஊசி குத்தாமல் பின்னால் முடிந்துகொண்டு ஓடுகிறார்களாம்.

இரண்டாவதுதான் கடினமானது. "கணக்குச் செய்யிற நேரத்தில ஓட விடுறீங்களாம்?" கேட்ட தாயின் மூத்த பிள்ளை சில புள்ளிகளால் புலமைப்பரிசிலில் தவறினது. அவருடைய கவலை பொய்யில்லை. இந்தக் கரையில் நல்ல பாடசாலை ஒன்றுக்குப் போக அந்தப் பரீட்சைதான் பாதை. பிந்தினால் அடுத்தது கிடையாது. அவரிடம் உடற்பயிற்சி மூளைக்கு நல்லது என்று பிரசங்கம் செய்யவில்லை. 'பிள்ளையின் கணக்குக் கொப்பியை மாசத்துக்கு ஒருக்கா வந்து பாருங்கோ' என்று மட்டும் சொன்னேன். வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப வந்து கேட்கவும் இல்லை.

இத்தனையும் செய்து கொஞ்சம் கர்வமாக இருந்த நேரத்தில், ஒரு மழை நாள் இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகவே மண்டபத்துத் தரையில் கரித்துண்டால் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவதைக் கண்டேன். நடுவே ஒரு நெடுங்கோடு, குறுக்கே தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒருவர் மறிக்க, கிளி மட்டும் நெடுங்கோட்டிலும் சுற்றிலும் எங்கும் பாய்ந்து தொடலாம். மற்றப் பக்கத்தார் ஏய்த்து ஏய்த்து உள்ளே புகுந்து கடைசித் தட்டைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். போகிறவன் காய், திரும்புகிறவன் பழம். எவரும் வரிசையில் நிற்கவில்லை. எவரும் சும்மா இருக்கவில்லை. வேகமாக ஓடுகிறவனை விட, போகிறமாதிரிக் காட்டிவிட்டு மற்றப் பக்கம் கிறுகிப் பாய்கிறவன்தான் தப்புகிறான். கைநூலில் பக்கம் பக்கமாக எழுதியிருந்த எல்லாம் எங்கள் அம்மம்மாவின் முற்றத்தில் ஏற்கனவே கோடு கீறிக் கிடந்திருக்கிறது. நான்தான் அதை இடைவேளைக்கு ஒதுக்கிவிட்டு, பாடத்தில் பிள்ளைகளை வரிசை கட்டியிருக்கிறேன். இப்போது ஆறு இடத்தில் ஒரு இடம் கிளித்தட்டு.

கடைசியாக, எட்டு நிமிட ஓட்டம். சிறுவர் மெய்வல்லுநரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 150 மீற்றர் அளவில் ஒரு சுற்று. எட்டு நிமிடம் எல்லோரும் சுற்ற வேண்டும். ஓடலாம், நடக்கலாம், நிற்கக் கூடாது. ஒவ்வொரு சுற்று முடியவும் ஒரு அடையாளத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளிநாட்டில் தக்கையோ சின்னப் பந்தோ எடுப்பார்களாம். நாங்கள் புளியங்கொட்டை. கடைசியில் அணியின் கொட்டை முழுவதையும் கொட்டி எண்ணுவது. வேகமான பிள்ளை ஒன்பது கொண்டுவரும். என் வகுப்பில் உடம்பு பெருத்த ஒரு பெடியன் இருக்கிறான். ஓட்டப்போட்டி என்றால் வயிற்று வலி என்று சொல்லுவான். அவன் முதல் நாள் கொண்டுவந்தது ஐந்து. அவன் அணி வென்றது மூன்று கொட்டையால். அந்த ஐந்தையும் கைக்குள் பொத்திக்கொண்டு, வேர்த்து ஒழுக, ஆளாளுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தான். அடுத்த கிழமை அவனுக்கு வயிற்று வலி வரவில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கிண்ணத்தில் 250 கொட்டை எண்ணி வைத்தேன். ஓடி முடிய மிச்சம் 66. அப்படியென்றால் பிள்ளைகளின் கையில் 184 இருக்க வேண்டும். மூன்று அணியும் எண்ணிச் சொன்னதைக் கூட்டினால் 193. திரும்ப எண்ணச் சொன்னேன். 193. மணலில் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தார்கள். புலமைப்பரிசில் வினாத்தாளில்கூட அவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை. ஒன்பது கூட.

பச்சை அணியின் குவியலைக் கிளறிப் பார்த்தேன். ஒன்பது கொட்டை மட்டும் ஈரமாக, புளி ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை முகமும் — பச்சை அணியும் அதற்குப் பக்கத்தில் நின்ற நீலமும் — வானத்தைப் பார்த்தன. பெருத்த பெடியன் மட்டும், "நான் அஞ்சுதான் ரீச்சர், சாமி சத்தியமா" என்றான். யாரையும் துருவவில்லை. இனிப் புளியங்கொட்டை இல்லை, அடுத்த கிழமை மஞ்சாடிக் கொட்டை கொண்டுவருவேன் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் மற்றவனுக்குக் கிசுகிசுத்தது: "எங்கட வளவுக்குள்ள மஞ்சாடி மரம் நிக்குது."